பத்து ஐம்பதுக்கு ஊதிய சங்கு

கல்மேட்டுத் தோட்டம், மேற்பிரிவு,
அப்புத்தளை.
12.03.2023

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

அப்பா பாக்கியநாதன் என் கையாலேயே எழுதுவது. ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகம்தானே? அந்த ஊர்க் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா?

முதல் வரியை இன்னொரு தடவை படி. என் கையாலேயே. யாரிடமும் சொல்லி எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இத்தனை வருடம் மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்த கட்டைவிரல் இப்போது பேனாவை அழுத்திப் பிடிக்கிறது. வலிக்கிறது. ஆனாலும் விட மனமில்லை.

அப்புத்தளையில் லரீபா டீச்சர் என்று ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மத்தியானங்களில் தன் வீட்டு முன்னறையில் ஐந்து பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். நாலு பொம்பளைகள், நான் ஒரு கிழவன். போன வாரம் என் கொப்பியில் சிவப்பு மையால், "அய்யா, உங்கள் ழகர வளைவில் லொறி திரும்பாது, இன்னும் கொஞ்சம் அகலமாக வளையுங்கள்" என்று எழுதியிருந்தார். அதை நானே படித்து நானே சிரித்தேன்.

கடைத்தெருவில் நடந்தால் எல்லாப் பலகையும் பேசுகிறது. இருபது வருடமாக நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்குப் பெயர் 'நியூ ஸ்டைல்' என்று இந்த மாதம்தான் தெரியும். என் தலையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா இருந்தபோது நீ போன் எடுப்பாய், அவள் பேசுவாள், நான் பக்கத்தில் நின்று "என்ன சொல்லுது புள்ள?" என்பேன். "நல்லா இருக்காளாம்" என்பாள். அரைமணி நேரப் பேச்சில் என் பங்குக்கு வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அவள் போய் ஒன்றரை வருடம். அந்த இரண்டு வார்த்தையும் இப்போது இல்லை.

அதனால் நீ எழுது. என்ன வாசிக்கிறாய், எங்கே வாசிக்கிறாய், யார் வந்து கேட்கிறார்கள், எல்லாம். போன் வேண்டாம். அது சரியாக வேலை செய்வதில்லை. கடிதம் என்றால் எத்தனை தடவையும் படிக்கலாம்.

இப்படிக்கு, உன் பதிலுக்காகத் தபால்காரரின் குடையைத் தேடும்
அப்பா பாக்கியநாதன்


கொலோன், ஜெர்மனி.
09.04.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? மழைக்கு முன் கூரைத் தகரத்தை மாற்றினீர்களா?

உங்கள் கடிதத்தை டிராம் வண்டியில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். முதலில் யாரோ உங்களுக்காக எழுதியது என்றுதான் நினைத்தேன். பிறகு தாளின் பின்பக்கத்தைத் தடவினேன். பேனா அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. இப்படி அழுத்துவதற்கு எங்கள் அப்பாவால்தான் முடியும்.

நான் வாசிப்பது சாக்ஸபோன். பதுளையில் ஹாஸ்டலில் இருந்தபோது ஸ்கூல் பேண்டில் கிளாரினெட் ஊதினேன் அல்லவா, அதற்குத் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் செய்தது. நாங்கள் வாசிப்பதை ஃப்ரீ ஜாஸ் என்பார்கள். இன்ன ராகம், இன்ன தாளம் என்று முன்கூட்டி எதையும் பேசிக்கொள்ள மாட்டோம். மேடை ஏறியதும் ஒருவர் தொடங்குவார். மற்றவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வார். சில நாள் சண்டையாக முடியும், சில நாள் எல்லோரும் ஒரே மூச்சாகிவிடுவோம். டிரம்ஸ் அடிக்கிற புவாத் லெபனான்காரர். "ஊதுவது பாதி வேலை, கேட்பது மீதி வேலை" என்பார்.

பழைய மில், கைவிட்ட கிடங்கு, இப்படிப்பட்ட இடங்களில்தான் எங்கள் கச்சேரி. நாற்பது பேர் வருவார்கள். பாதியில் பத்துப் பேர் எழுந்து போவார்கள். மீதி முப்பது பேர் கடைசிவரை அசைய மாட்டார்கள்.

உன் குரு யார் என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களுக்குக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய சங்கீதம் இது. அவர்களுடைய இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் படித்தேன். ஆனால் அதற்கும் முன்னால் என் காதில் விழுந்தவற்றையும் சொல்வேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த தப்பு மேளம். கோயிலில் ஆர்மோனியத்தை முன்னே போகவிட்டு ஆளுக்கொரு நேரத்தில் இழுத்துப் பாடும் பாட்டு. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் நாலு ரோலரும் நாலு வேகத்தில் சுற்றும் சத்தம். அப்புறம் அதே ஸ்டோரில் நீங்கள் சுவிட்சை அழுத்தி ஊதும் சங்கு.

அப்பா, ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். டீச்சர் வேலைக்கு வந்த கடிதத்தை வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கொழும்பு பேண்டோடு போகிறேன் என்றபோது, நீங்கள் கடைசியாகச் சொன்னது இது: "நான் ஊதுற சங்கு தோட்டத்துக்கே சோத்து நேரம் சொல்லுது. நீ ஊதுறது யாருக்கு என்னாத்த சொல்லுது?" பதினாலு வருடமாக அதற்குப் பதில் தேடித்தான் ஊதுகிறேன். நீங்கள் கூப்பிட்டால் வரலாம் என்று காத்திருந்தே நாள் போய்விட்டது. அம்மா போனபோது கொரோனா, விமானமே இல்லை.

டவுனில் போன் கடை வைத்திருக்கும் றிஸாத்தின் நம்பரை அம்மா முன்பு தந்திருந்தார். அவருக்கு ஒரு கச்சேரியின் வீடியோ அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை கேளுங்கள். நல்லதோ கெட்டதோ, எனக்கு உங்கள் வார்த்தை வேண்டும்.

இப்படிக்கு, அதற்காகக் காத்திருக்கும் மகள்
ஜெயந்தினி


கல்மேட்டுத் தோட்டம்,
07.05.2023

அன்பு மகளுக்கு,

சுகம். முழங்கால் படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. கூரை மாற்றியாகிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். முதல் தடவைக்கு இரண்டு நாள். பதினோராவது தடவைக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். பார்த்தாயா!

சனிக்கிழமை வகுப்பு முடிந்து றிஸாத் கடைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவன் என்னை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, பெரிய கணினித் திரையில் உன்னைப் போட்டான்.

மகளே, நீ மெலிந்துவிட்டாய். ஆனால் ஊதும்போது கன்னம் இரண்டும் அப்பம் மாதிரி உப்புகிறது. கழுத்து நரம்பு தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு தலையை இடது பக்கம் சாய்க்கிறாய். அம்மா ஜெபமாலை சொல்லும்போது அப்படித்தான் சாய்ப்பாள். புவாத் அடிக்கும்போது தரையைப் பார்க்கிறார், நீ நிறுத்தினால் மட்டும் நிமிர்கிறார். கெட்டிக்காரர். மூன்றாவது வரிசையில் தொப்பி வைத்த ஒருவர் எழுந்து போனார். அவருக்கு என்ன அவசரமோ.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மொனராகலையிலிருந்து வந்திருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உன் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே இறங்கித் தெருவைத் தாண்டி எதிர்க்கடையில் போய்ப் படுத்துக்கொண்டது. "அய்யா, நாய்க்கு இது வெளங்கல" என்று றிஸாத் சொன்னான். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அந்தக் கறுப்பு மக்களைப் பற்றி எழுதினாயே. அப்படியானால் அவர்களும் பெரட்டுக்குப் போனவர்கள்தான். அவர்கள் தோட்டத்திலும் சங்கு இருந்ததா என்று விசாரித்து எழுது.

இப்படிக்கு, உன்னைத் திரையில் பார்த்துப் பசியாறிய
அப்பா


கொலோன்,
02.06.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். லரீபா டீச்சருக்கு என் வணக்கம்.

அந்தப் பருத்தித் தோட்டத்து மக்களை வேலைக்குக் கூப்பிட மணி அடித்தார்களாம், கொம்பும் ஊதினார்களாம். கேட்டதும் உங்களைத்தான் நினைத்தேன்.

நாய் கதையைப் புவாத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அப்பா, உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்த வீடியோவில் கடைசியாக வாசித்தது எனக்கு முக்கியமானது. அதற்குப் பெயர் 'பத்து ஐம்பது'.

நான் புறப்பட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேஷனுக்கு அம்மா வந்தார். நீங்கள் வரவில்லை. ரயில் புறப்பட்டு, நம் ஸ்டோருக்குக் கீழே இருக்கும் வளைவில் திரும்பியபோது ஸ்டோர்ச் சங்கு ஊதியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது. அந்த நேரத்துக்கு எந்தச் சங்கும் கிடையாது. சாவு, நெருப்பு, மண்சரிவு, இப்படி ஏதாவது என்றால்தான் நேரம் தப்பி ஊதும். அதுவும் முழுதாக ஊதவில்லை. மேலே ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் அறுந்துவிட்டது. உங்களுக்குத்தான் மெஷினில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் பைகளோடு இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சிப் போன் போடச் சொன்னேன். "தோட்டத்துல ஒண்ணும் இல்ல, ஏறும்மா" என்றார். ஏறிவிட்டேன்.

அந்தச் சத்தத்தைத்தான் அத்தனை கச்சேரியிலும் ஊதுகிறேன். அடியிலிருந்து தொடங்கி, மூச்சு தாங்கும் மட்டும் ஏற்றி, அறுந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அதற்கு மேல் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு நீங்கள் வேலையில்தானே இருந்தீர்கள்? அது என்ன சங்கு அப்பா?

இப்படிக்கு,
ஜெயந்தினி


கல்மேட்டுத் தோட்டம்,
30.06.2023

அன்பு மகளுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு மெழுகுவர்த்தி வைத்தேன்.

இங்கே தென்மேற்குக் காற்று. எதிரே வருகிறவர் முகம் தெரியாத மூட்டம். அட்டை கடித்து இரண்டு காலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. போன வாரம் ஒரு வேலையாகப் பதுளைக்குப் போனேன். தனியாகப் போனேன், தெரியுமா? பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரை நானே படித்து ஏறினேன். முன்பெல்லாம் நாலு பேரிடம் கேட்டு ஏறி, ஐந்தாவது ஆளிடம் சரிபார்ப்பேன்.

லரீபா டீச்சர் எனக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகம் தந்துவிட்டார். அதில் ஒரு முயல் வருகிறது. மிகவும் அகங்காரம் பிடித்த முயல். அதற்கு என்ன ஆகும் என்று அறிய அவசரமாக இருக்கிறது.

ஸ்டோரில் சங்கு இப்போது இல்லை. கழற்றிவிட்டார்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது. அது பழைய கதை, விடு.

புது வீடியோ ஏதாவது அனுப்பினாயா? அந்த நீலச் சட்டை உனக்கு நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
அப்பா


கொலோன்,
25.07.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நானும் அப்படியே.

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். கன்னம், கழுத்து, தொப்பிக்காரர், நாய், நீலச் சட்டை. எல்லாம் இருக்கிறது. நான் ஊதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை என்றாவது எழுதியிருக்கலாம். காதைப் பொத்தியவரைப் பற்றியும், எழுந்துபோன நாயைப் பற்றியும் எழுதி நீங்கள் சொல்ல வந்தது விளங்காமல் இல்லை. அன்றைக்குக் கேட்ட கேள்வியையே இன்றைக்குச் சிரித்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

பரவாயில்லை அப்பா. இனி வீடியோ அனுப்பி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். குளிருக்குக் கம்பளிச் சட்டை பார்சலில் வருகிறது.

ஜெயந்தினி


கல்மேட்டுத் தோட்டம்,
20.08.2023

மகளுக்கு,

சட்டை வந்தது. அளவு சரி. நீ நினைப்பது போல் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து போதவில்லை. நீ சுகமா? ஒரு வரி போடு.

அப்பா


கல்மேட்டுத் தோட்டம்,
05.11.2023

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

உன் சுகம் தெரியாமலே எழுதுகிறேன். என் சுகத்தை முதல் முறையாக உண்மையாக எழுதுகிறேன்.

இரண்டரை மாதமாகத் தபால்காரர் என் வாசலில் நிற்காமல் போகிறார். தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். நல்ல மனிதர். நான் நடந்துபோய் ஏமாற வேண்டாம் என்று அப்படிச் செய்கிறார். "எழுத்துப் போதவில்லை என்று காத்திருந்தால் சாகும்வரை காத்திருக்கணும், உள்ள எழுத்தில் எழுதுங்கள்" என்று லரீபா டீச்சர் என் கொப்பியில் எழுதினார். உள்ள எழுத்தில் எழுதுகிறேன்.

மகளே, எனக்குக் காது கேட்காது.

கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ரோலர்களுக்கு நடுவிலும், சங்குப் பெட்டிக்குக் கீழேயும் நின்ற காது. நீ போன காலத்திலேயே ஒரு பக்கம் மந்தம். அம்மா மறைத்துக்கொண்டாள். நீ போனில் பேசும்போது நான் "என்ன சொல்லுது" என்று கேட்டது அதனால்தான். போன் பழுதில்லை. நான்தான் பழுது. லரீபா டீச்சர் எல்லாவற்றையும் எழுதியே காட்டுகிறார். நாயைப் பற்றி றிஸாத் சொன்னது கூட பில் துண்டில் எழுதிக் காட்டியதுதான்.

அம்மா கடைசி நாளில் என் கையைப் பிடித்து என்னவோ சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். கேட்டது போலத் தலையாட்டினேன். என்ன சொன்னாள் என்று இதுவரை தெரியாது. அவளுக்கு எழுதத் தெரியும், எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் ஒரு தாளில் எழுதியிருப்பாள். அவளுடைய வார்த்தையை விட்டேன், உன்னுடையதையாவது விடக்கூடாது என்றுதான் இந்த வயதில் சிலேட்டைத் தூக்கினேன்.

ஜூன் மாதம் பதுளைக்குப் போனது காது டாக்டரிடம். உன் வீடியோவை ஒரு தடவையாவது கேட்டுவிட வழி இருக்கிறதா என்று போனேன். அவர் சொன்னது விளங்கவில்லை. தாளை நீட்டினேன். "நரம்பு போய்விட்டது. மெஷின் வைத்தாலும் பயன் இல்லை" என்று எழுதினார். பிழையில்லாமல் படித்தேன். எழுத்துக் கூட்டாமல் நான் படித்த முதல் வரி அது.

உன் முகத்தையும், கன்னத்தையும், நாயையும் எழுதியது கேலிக்கு இல்லை. உன் சத்தம் எனக்குத் தெரிவது அப்படித்தான். எல்லோரும் திரும்பினார்கள், ஒருவர் காதைப் பொத்தினார், நாய் எழுந்தது. அடேயப்பா, எவ்வளவு பெரிய சத்தம் என்று பூரித்துப்போனேன்.

இனி அந்தச் சங்கு.

அன்றைக்கு நான் கோபத்தோடுதான் வேலைக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு வரக்கூடாது என்று வீம்பு. பத்து மணியிலிருந்து ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. வளைவில் ரயிலின் தலை தெரிந்தது. கை தானாகப் போய் சுவிட்சை அழுத்தியது. ரயில் வளைவைத் தாண்டி மறையும் வரைக்கும் பிடித்திருக்க நினைத்தேன். எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான். பாதியில் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "என்ன பாக்கியம், கிறுக்கா ஒனக்கு? மணி என்னா?" என்று கத்தினார்.

அதற்குள் மலையில் நின்ற பொம்பளைகள் எல்லோரும் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நிறுவைச் சங்கு என்று நினைத்து, அரைக் கூடைக் கொழுந்தோடு இறங்கி வந்துவிட்டார்கள். விஜயலெட்சுமி ஸ்டோர் வாசலில் நின்று, "யோவ் சங்கு, ஒம்பொண்டாட்டி சோறு பொங்கிட்டாளா? எங்க வீட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கல!" என்று என்னைக் கிழித்துவிட்டாள். துரை விசாரித்தார். கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை, தப்பு நடந்துவிட்டது என்றேன். எழுத்துத் தெரியாதவன் சொன்னதால் நம்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு நிமிஷம் பிசகாமல் ஊதியவன் நான். அன்றோடு சங்கை என்னிடமிருந்து எடுத்து, விறகு அடுக்கப் போட்டார்கள். அம்மாவிடமும் அதே பொய்தான் சொன்னேன். இன்றைக்கும் தோட்டத்தில் யாராவது நேரத்துக்கு முந்தி வந்தால், "என்ன, பாக்கியநாதன் சங்கா?" என்கிறார்கள்.

நீ கேட்ட சங்கு அதுதான். சாவும் இல்லை, நெருப்பும் இல்லை. போய்வா என்று சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது.

நீ அதை ஊர் ஊராக ஊதிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்த பிறகு, எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. அவ்வளவுதான் மகளே. ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா


கொலோன்,
04.12.2023

என் அப்பாவுக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் சுகமில்லை, ஆனால் நன்றாக இருக்கிறேன்.

கடிதம் வந்த அன்று மாலை கச்சேரி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினேன். 'பத்து ஐம்பது' வந்தது. அறுந்த இடத்தில் வழக்கம்போல் நிறுத்தினேன். அதற்கு மேல் ஊத வேண்டும் என்று தெரிகிறது, காற்று வரவில்லை. புவாத் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். மீதியை ஊதுவதற்கு இது இடம் இல்லை என்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

நாயைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் எப்படிப் படித்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேட்பதுதான் பாதி வேலை என்று உங்களுக்குப் பாடம் எழுதியவள் நான்.

ஜனவரி 21இல் கொழும்பில் எங்களுக்கு ஒரு கச்சேரி அமைந்திருக்கிறது. 24ஆம் திகதி புதன்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன். இரண்டு மணியளவில் நம் வளைவுக்கு வரும். ஸ்டேஷனுக்கு வராதீர்கள். வளைவின் மேட்டில், கருப்பந்தைல மரத்தடியில் நில்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ரயிலைப் பார்க்க வேண்டாம். மலையைப் பாருங்கள்.

இப்படிக்கு, வந்துகொண்டிருக்கும்
ஜெயந்தினி


(கொப்பியில் கிழித்த தாள், 24.01.2024)

அப்பா, பீலித் தண்ணியில குளிச்சிட்டு வர்றேன். பதினாலு வருசத்து அழுக்கு, கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள எழுதி வைங்க.

கேட்டுச்சா?


கல்மேட்டுத் தோட்டம்,
24.01.2024, மாலை

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக வந்து சேர்ந்தாய். நான் சுகம். இதை எழுதுவதற்கு இன்றைக்கு எந்தத் தபால்காரரும் வேண்டாம்.

ஒரு மணிக்கே போய் மரத்தடியில் நின்றுவிட்டேன். வெள்ளைச் சட்டை. அதற்கு மேல் உன் கம்பளிச் சட்டை. கையில் கடிகாரம். மேலே ஏழாம் நம்பர் மலையில் பொம்பளைகள் வரிசையாகக் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு போல நூறு பேர் இல்லை. எண்ணினேன், முப்பத்தெட்டு.

இரண்டு ஐந்துக்குக் காலடி மண் அதிர்ந்தது. நிபந்தனையை நான் கொஞ்சம் மீறினேன். ஒரு தடவை ரயிலைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது பெட்டி வாசலில் நீ. பித்தளை வெயிலில் பளீரென்றது. உன் கன்னம் உப்பியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதுக்குள் எப்போதும் இருக்கும் அதே இரைச்சல்தான். உடனே மலைக்குத் திரும்பினேன்.

முதலில் மேல் வரிசையில் ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். பிறகு காற்று அடித்தால் பற்றைக்காடு சாயுமே, அந்த மாதிரி வரிசை வரிசையாக எல்லோரும் நிமிர்ந்தார்கள். முப்பத்தெட்டுத் தலையும் ரயில் பக்கம். கைகள் அப்படியே கொழுந்தோடு நின்றன. கங்காணி ஜீவன் இரண்டு கையையும் வீசி வீசி என்னவோ கத்தினான். ஒருத்தியும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விஜயலெட்சுமிக்கு இப்போது அறுபது இருக்கும், பென்ஷன் வந்தும் கைக்காசுக்கு வருகிறாள். அவள் கூடையை நெற்றியிலிருந்து இறக்கினாள். நிறுவைக்கு இறங்கப் போகிறவள் போல இரண்டு அடி வைத்தாள். அப்புறம் நின்று சூரியனைப் பார்த்தாள். கீழே என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையை எடுத்ததும் என்ன சொன்னாள் என்று வாயைப் பார்த்தே படித்தேன். "பாக்கியநாதன் சங்கு."

அன்றைக்கு நான் ஸ்டோருக்குள் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடமும் உள்ளேதான் நின்றேன். என் சங்குக்கு மலை எப்படி நிமிரும் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன்.

இன்றைக்கு ஊதியது சோத்து நேரமும் இல்லை, நிறுவை நேரமும் இல்லை. ஆனாலும் கடைசிப் பெட்டி வளைவைத் தாண்டி மறையும் வரைக்கும் ஒருத்தியும் குனியவில்லை. அதனால் நீ பாதியில் நிறுத்தவில்லை என்று தெரிந்துகொண்டேன். யாரும் உன் கையைத் தட்டிவிடவில்லை.

கேட்டதா என்று கேட்டாய். வா, வந்து இதைப் படி.

வாசலில் ஈரக்காலோடு உன் நிழல் விழுகிறது. தேத்தண்ணியை மூடி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் முடிக்கிறேன்.

இப்படிக்கு, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும்
அப்பா